பதினேழாம் எண் பெட்டி ஏன் இல்லை

போன வாரம் ஒரு காலையில் சத்யா போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். எடுத்ததும் வணக்கம்கூட இல்லை.

"சார், வயல் பெட்டிக்கெல்லாம் நம்பர் போட்டது யாரு சார்?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"மூணாம் நம்பர் பெட்டி கிடைச்சுது. பக்கத்து வயல்ல நாலாம் நம்பர் இருக்கும்னு பார்த்தா நாப்பத்தொண்ணு நிக்குது. அதுக்கு அடுத்தது எட்டு! நாலைத் தேடி வரப்பு வரப்பா அலைஞ்சதுல செருப்பு அறுந்துபோச்சு. பதினேழுன்னு ஒண்ணு ஊருலயே இல்லை. எது எங்க இருக்குன்னு பட்டியல் கேட்டா ஃபாரம் எழுதிக் குடுன்னு சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, குடிச்சிட்டா சார் நம்பர் போட்டாங்க?"

எனக்கு வந்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவி ஓடிவந்து தலையில் தட்டினாள். மூச்சு வந்த பிறகு சொன்னேன்: "குடிச்செல்லாம் போடலைம்மா. மஞ்சப்பொடி டப்பாவுல சீட்டு போட்டு, குலுக்கி எடுத்து, நான்தான் போட்டேன்."

"சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சத்யா ஃபாரம் எழுதிக் கொடுத்துப் பட்டியலை வாங்கிக்கொள்ளட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நம்பர் ஏன் கலைந்தது, பதினேழு எங்கே போனது என்பதை என்னைத் தவிர யார் சொல்வது?

என் படிப்பையும் பயிற்சியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்றுப் பறித்தவர்கள். நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் முடித்து, தஞ்சாவூரில் ஒரு கடையில் டிவி பழுது பார்த்து, பிறகு ஒயர்லெஸ் டெக்னீஷியனாக வேலையில் சேர்ந்தேன். கம்பத்தில் ஏறுவேன், ஆன்டெனாவைத் திருப்புவேன், இறங்குவேன். இருபத்துச் சொச்சம் வருஷம் இப்படி ஏறி இறங்கியே போனது. அதற்குப் பிறகுதான் மயிலாடுதுறையில் ஒரு புதுத் திட்டத்துக்கு என்னை மாற்றினார்கள். என் வாழ்க்கையில் பேசுவதற்கு ஏதாவது இருக்கிறது என்றால் அது அங்கேதான் ஆரம்பம்.

திட்டம் இதுதான். குத்தாலம் பக்கத்தில் ஒரு வாய்க்கால். அதில் தண்ணீர் பாயும் நாற்பத்திரண்டு வயல்களில் வயலுக்கொரு பெட்டி வைக்க வேண்டும். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதன் அடியில் ஓட்டை போட்ட ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கும். வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மண்ணுக்குக் கீழே எவ்வளவு இறங்கிவிட்டது என்று அந்தப் பெட்டி அளந்து, அரைமணிக்கு ஒருமுறை ஒயரே இல்லாமல் சொல்லும். ஒரு பெட்டி சொல்வதை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்ததிடம் கொடுத்து, கடைசியில் சங்கக் கொட்டகை மேலே இருக்கும் பெரிய பெட்டி வாங்கி எங்கள் ஆபீசுக்கு அனுப்பும். வாய்க்கால் சங்கம் அதைப் பார்த்து முறைவைத்துத் தண்ணீர் விடலாம். அப்பா காலத்தில் இதற்காக மண்வெட்டியோடு கட்டிப் புரண்டிருக்கிறார்கள். இப்போது பெட்டி பேசும்! முதல் தடவை ஒரு வயலின் தண்ணீர் மட்டம் என் திரையில் வந்தபோது நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்.

ஆபீஸ் காப்பிப்பொடிக் கடைக்கு மேல்மாடி. நாள் முழுக்கக் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. அதற்குத் தலைவி ஹபீபா மேடம். அதிராம்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடை, வியாபாரம், வளைகுடா என்று போக, இவர் மட்டும் எஞ்சினீயரிங் படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன கேட்டாலும் மூன்று கேள்வி கேட்பார்.

"யாருக்கு? எதுக்கு? எதுவரைக்கும்?"

ஒரு வயலின் கணக்கைத் திரையில் திறக்க வேண்டுமா, இந்த மூன்றுக்கும் பதிலை மஞ்சள் ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் எழுத வேண்டும். ஏன், மேடமே எழுதி மேடமே கையெழுத்துப் போட்டுக்கொள்வார்! ஒருநாள் அவருடைய பேனாவை எடுக்கக் கை நீட்டினேன். "யாருக்கு ராஜேந்திரன்?" என்றார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எனக்கு மேடம், கையெழுத்துப் போட, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லித்தான் வாங்கினேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆபீசில் யாராவது பாஸ்வேர்டு அடிக்கும்போது மேடம் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நாங்களும் அப்படியே நிற்க வேண்டும். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் பாஸ்வேர்டை நாலுமுறை தப்பாக அடிக்க, மேடமும் நானும் இன்னும் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றிருந்தோம். டீ கொண்டுவந்த மாரியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னங்க மேடம், எல்லாரும் வீட்டுப்பாடம் எழுதலையா?"

மேடம் திரும்பாமலே, "டீயை வச்சிட்டு நீங்களும் திரும்பி நில்லுங்க மாரியப்பன்" என்றார். அவனும் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி நின்றான். அன்று டீ ஆறிப்போனது.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு ரகசியச் சாவி உண்டு. சாவி என்றால் நீளமான ஓர் எண். புதுப் பெட்டியை வயலில் வைத்ததும் பெரிய பெட்டி "நீ யார்?" என்று கேட்கும். சரியான சாவியைச் சொன்னால்தான் உள்ளே சேர்க்கும். யாராவது கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்து பொய்யாக "என் வயல் காய்கிறது" என்று அளந்துவிட முடியாது. அந்தச் சாவியில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டு, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "நான்தான்டா ராஜேந்திரன், உன்னைக் கொட்டகை மேல ஏத்தினவன்டா, சேத்துக்கடா" என்று அந்தப் பெரிய பெட்டியிடம் கெஞ்சியிருக்கிறேன். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

எந்த நம்பர் யாருடைய வயல் என்ற பட்டியல் கம்ப்யூட்டரில் கிடையாது. காகிதத்தில் எழுதி ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தோம். இரண்டு பூட்டு. ஒரு சாவி மேடமிடம், ஒரு சாவி என்னிடம். இரண்டு பேரும் இருந்தால்தான் திறக்கும். என் சாவியை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். குளித்தாலும் தூங்கினாலும் அது இடுப்பில்தான். "நகைநட்டு வாங்கி வந்தாலும் பரவாயில்லை, ஊரான் வயல் சாவியைக் கட்டிக்கிட்டுத் திரியுறாரு பாரு" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இவ்வளவு காவல் போட்டும் கோட்டை விட்டோம். விட்டவன் நான்.

விவசாயி தன் வயலைத் தன் போனில் பார்க்கலாம், அடுத்தவர் வயலைப் பார்க்க முடியாது. சங்கத்துக்கு மட்டும் ஒரு பெரிய திரை. அதில் நாற்பத்திரண்டு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் நாள் முழுக்கத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு நீலக் கோடு. பேர் கிடையாது. நம்பர் போடும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். போட்டுக்கொண்டு போனேன்.

"இது என்ன வரிசை ராஜேந்திரன்?" என்று கேட்டார்.

"சும்மா வரிசையாப் போட்டிருக்கேன் மேடம்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எனக்கு அது சும்மா வரிசைதான். வாய்க்கால் முதலில் பாயும் தலைமடையில் ஒன்று, அப்படியே இறங்கிக் கடைமடையில் நாற்பத்திரண்டு. டெல்டாவில் பிறந்தவனிடம் வயலை எண்ணச் சொன்னால் வேறு எப்படி எண்ணுவான்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தலைமடையிலிருந்துதான் ஆரம்பிப்பான். மேடம் கடற்கரை ஊர்க்காரர், அவருக்கு இது தோன்றாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு சுத்தமாக என் கொழுப்பு. திரையைச் சங்கக் கொட்டகைக்கு உள்ளே, உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும்படி மாட்டச் சொல்லியிருந்தார் மேடம். கொட்டகைக்கு எதிரே டீக்கடை. அங்கே பத்துப் பேர் உட்கார்ந்து, "என்னமோ படம் காட்டப் போறாராம்ல" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் வயலில் என் அப்பா குனிந்து நாற்றுப் பறித்ததைப் பார்த்தவர்கள் அதில் இரண்டு பேர். அவர் மகன் செய்ததை அவர்கள் பார்க்க வேண்டாமா? திரையைத் தெருப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் நாற்பத்திரண்டு நீலக் கோடும் பளிச்சென்று எழுந்தன. டீக்கடையே கைதட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவர்கள் திரையைப் படித்துவிட்டார்கள்.

"யோவ், ஒண்ணாம் நம்பர் தலைமடை. அப்ப ரெண்டு நம்ம வாத்தியார் வயலு."

"ஒன்பது பாரு, விட்ட தண்ணி நிக்கவே மாட்டேங்குது. நண்டு வளை. அது கலியன் வயலேதான்."

"மதியம் ஊரே கண்ணசந்த நேரத்துல இருபத்தாறு ஏறியிருக்கு பாருங்கய்யா! மடையை எவனோ தொறந்துவிட்டிருக்கான்!"

இருபத்தாறுக்குச் சொந்தக்காரர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். வடையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், ஊருக்கு அதுவே சினிமா ஆகிவிட்டது. சாயங்காலமானால் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நானும் உட்கார்ந்தேன். நானும் சிரித்தேன். வேர்க்கடலையும் தின்றேன். மேடமிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் திரையைத் திருப்பச் சொல்வார், கைதட்டல் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துத் தமிழ்ச்செல்வி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

பதினேழாம் நம்பர் வயல் அவருடைய சாகுபடி. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு. அதே நிலத்தில் அவருடைய அம்மா கூலிக்கு நட்டவர். நிலக்காரர் சென்னையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வத்துக்குப் படைக்க வரும்போது காரில் இருந்தபடியே நிலத்தைப் பார்த்துவிட்டுப் போவார். நிலத்தை விற்கும் எண்ணம் அவருக்கு உண்டு. விற்றால் உனக்குத்தான் என்று தமிழ்ச்செல்வியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் அந்த மண்ணில் உழைத்தார். பக்கத்து வயல்காரர் முருகையனுக்கும் அந்த நிலத்தின்மேல் கண்.

தமிழ்ச்செல்வி உட்காரவில்லை. தன் போனை மேஜைமேல் வைத்தார். எங்கள் திரையை யாரோ எடுத்த போட்டோ. நாற்பத்தொரு கோடும் நீலமாக நிற்க, பதினேழு மட்டும் வெறுமையாக இருந்தது.

"நாலு நாள் நாலு போட்டோ எடுத்து முருகையன் சென்னைக்கு அனுப்பியிருக்காரு. உங்க நிலம் காயுது, அந்தப் பொம்பளை தண்ணியே கட்டலைன்னு எழுதியிருக்காரு. நிலக்காரர் நேத்து போன் பண்ணினாரு. புதன்கிழமை வர்றாராம். குத்தகையை முடிச்சுக்கலாம்னு சொல்றாரு."

"தண்ணி கட்டலையா நீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாயை என்ன சொல்ல!

என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒத்தை நாத்து நட்டிருக்கேண்ணே. காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் விடணும். மண்ணு முடி கனத்துக்கு வெடிச்சப்புறம்தான் அடுத்த தண்ணி. என் வயல் எப்பக் காயணும்னு எனக்குத் தெரியும். அதை டீக்கடையில வச்சு யாரு பேசச் சொன்னா? என் போன்ல தெரியவேண்டிய என் வயலு அங்க ஏன் தெரியுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்ணுக்கு மேலே நிற்கும் தண்ணீரைத்தான் அந்தத் திரை காட்டும். அவர் வயலில் தண்ணீர் மண்ணுக்கு நாலு விரற்கடை கீழே, வேருக்கு எட்டும் இடத்தில் பத்திரமாக இருந்தது. பெட்டிக்கு அது தெரியும். டீக்கடைக்குத் தெரியாது.

மேடம் என்னைத் திட்டவில்லை. தமிழ்ச்செல்விக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "தப்பு எங்களோடதும்மா" என்றார். பிறகு ஒரு மஞ்சள் ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க திரையைத் திருப்பினப்ப எழுதியிருக்க வேண்டியது. இப்ப எழுதுங்க."

எழுதினேன். யாருக்கு? டீக்கடைக்கு. எதுக்கு? கைதட்டலுக்கு. எதுவரைக்கும்? அந்த இடத்தில் பேனா நகரவில்லை. தமிழ்ச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயில் இன்னும் வேர்க்கடலை வாசனை அடிப்பதுபோல இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேடம் வாங்கிப் படித்து, எல்லா ஃபாரத்தையும் போலவே அதையும் ஃபைலில் சேர்த்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சத்யா பார்க்க வேண்டுமானால் அதற்கும் ஒரு ஃபாரம் எழுத வேண்டும்!

உடனே பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. "மேடம், நட்ட நாள்லேருந்து இருக்கிற கணக்கு மொத்தத்தையும் இப்பவே நிலக்காரருக்கு அனுப்பிடறேன். பார்த்தார்னா அசந்துடுவார்" என்றேன்.

"யாரோட கணக்கு அது?"

நான் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன்.

அவர் மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்துக்கொண்டார். "வேண்டாண்ணே. இன்னிக்கு அனுப்பினா நாளைக்கும் கேப்பாரு. அப்புறம் நான் ஒருநாள் என் மவ வீட்டுக்குப் போனாலும் சென்னையிலேருந்து போன் வரும், ஏன் இன்னிக்குத் தண்ணி கட்டலைன்னு. அவரு வரட்டும். வயல்ல வச்சுக் காட்டுறேன்."

"உங்க போன்ல காட்டினா, நீங்களே ஏதோ பண்ணிட்டீங்கன்னு சொல்லலாம்" என்றார் மேடம். "அவர் போன்லயே தெரியிற மாதிரி அனுமதி குடுக்க முடியும். நீங்க சொன்னாத்தான். எதுவரைக்கும்னும் நீங்கதான் சொல்லணும்."

தமிழ்ச்செல்வி முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "வரப்புல நிக்கிற வரைக்கும்" என்றார்.

மேடம் அதை அப்படியே ஃபாரத்தில் எழுதினார். எதுவரைக்கும்: வரப்பில் நிற்கும்வரை. எந்த எஞ்சினீயரிங் புத்தகத்தில் இப்படி ஒரு காலக்கெடு உண்டு, சொல்லுங்கள்!

புதன்கிழமை காலை பதினோரு மணி வெயிலில் நான் ரோட்டோரம் ஒரு குடையை நட்டு, அதன் கீழே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மேடம். கார் வந்தது. நிலக்காரர் பாலீஷ் போட்ட ஷூவோடு இறங்கினார். முருகையன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

"நீங்க ஏன் சார் இறங்குறீங்க? இங்கேருந்தே தெரியுது பாருங்க, காஞ்சு கெடக்கு."

"இல்லைங்க சார், வாங்க. வரப்புல வந்து பாருங்க" என்றார் தமிழ்ச்செல்வி.

நடந்தார்கள். முருகையன் வயலுக்கும் தமிழ்ச்செல்வி வயலுக்கும் நடுவில் ஒரே வரப்பு. முருகையன் பக்கம் தண்ணீர் தளும்பி நின்றது, வரப்பின் அந்த ஓரம் ஊறிக் கொழகொழவென்று கிடந்தது. நிலக்காரர் சரியாக அந்த ஓரத்தில்தான் காலை வைத்தார். முழங்கால்வரை உள்ளே போய்விட்டது! "ஐயய்யோ" என்று கத்திக்கொண்டு மறுகாலைத் தமிழ்ச்செல்வி வயலில் ஊன்றினார். அங்கே மண் கெட்டியாக அவரைத் தாங்கியது. தமிழ்ச்செல்வி கையைப் பிடித்து இழுக்க, கால் வந்தது, ஷூ வரவில்லை. மேடம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் இல்லாத இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். எனக்கு லேப்டாப் மடியில் குலுங்கியது.

தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. குனிந்து தன் வயலில் ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கினார். "ஒரு குத்து எடுத்துக்கட்டுமா?" என்று முருகையனிடம் கேட்டு அவர் வயலிலும் ஒன்று பிடுங்கினார். இரண்டையும் கழுவி நிலக்காரரிடம் நீட்டினார். முருகையன் பயிரின் வேர் கறுத்து நூலாகத் தொங்கியது. இவருடையது வெள்ளை வெளேரென்று கொத்தாக இருந்தது, அடியில் கிளைத்த தூரும் முருகையனுடையதைவிட ஒன்றரைப் பங்குக்குக் குறையாது.

"இப்ப உங்க போனைப் பாருங்க சார்" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார். நான் அனுமதியைத் திறந்தேன். மண்ணுக்கு மேலே, மண்ணுக்குக் கீழே என்று நட்ட நாளிலிருந்து தண்ணீர் ஏறி இறங்கியது முழுவதும் அவர் போனில் வந்து நின்றது. ஒற்றை ஷூவோடு நின்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"அட, தண்ணி கீழே இருக்கா? நாலு விரக்கடையிலயா?" முருகையன் பக்கம் திரும்பினார். முருகையன் சேற்றில் ஷூவைத் தேடப் போய்விட்டார். "பிரமாதமா இருக்கேம்மா! இது அப்படியே என் போன்ல இருக்கட்டும். சென்னையிலேருந்தே நான் பார்த்துக்கறேன்."

"நீங்க வரப்புல நிக்கிற வரைக்கும்தான் சார் அது."

"என் நிலம்மா இது." குரல் மாறிவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதேம்மா, சரி என்று சொல்லிவிடம்மா, என்று மனசுக்குள் கெஞ்சினேன். தமிழ்ச்செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நிலம் உங்களோடதுதான் சார். குத்தகை நெல்லு ஒரு மணி குறையாம வரும். வந்து எப்ப வேணும்னாலும் பாருங்க, இறங்கிப் பாருங்க. நான் எப்பத் தண்ணி கட்டுறேன், எப்ப வீட்டுல இருக்கேன், எப்ப இல்லைங்கிறதெல்லாம் என்னோடது. அதைப் படமாப் பார்த்து ஒரு தடவை நம்பிட்டீங்க. குத்தகையே போக இருந்துச்சு."

நிலக்காரர் சேறு பூசிய காலைப் பார்த்தார், கையிலிருந்த வெள்ளை வேரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி நடந்து, வரப்பிலிருந்து ரோட்டில் கால் வைத்தார். தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பட்டனைத் தட்டினேன். அவர் போனில் கோடெல்லாம் மறைந்து "அனுமதி முடிந்தது" என்று வந்தது.

"போச்சே!" என்றார், மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி. உடனே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரோட்டில் ஒற்றைக் காலில் ஷூவோடு நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிம்மா, நீயே பண்ணு. அறுவடைக்கு வர்றேன், இறங்கிப் பார்க்கறேன். மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிக் காரில் ஏறினார். கார் திரும்பியதும் மேடம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லித் தலையில் கை வைத்து ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் திரையைக் கொட்டகைக்கு உள்ளே திருப்பினேன். நாற்பத்திரண்டு கோட்டை எடுத்துவிட்டு, சங்கத்துக்கு நிஜமாகவே தேவையானதை மட்டும் வைத்தோம்: வாய்க்காலுக்கு இன்று தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா. "படத்தை நிறுத்திட்டீங்களே, அடுத்தது எப்ப?" என்று டீக்கடையில் ஒரு மாதம் என்னைத் துரத்தினார்கள். வீட்டிலிருந்து மஞ்சள்பொடி டப்பாவைக் கொண்டுபோய், ஒன்றிலிருந்து நாற்பத்துமூன்றுவரை சீட்டெழுதிப் போட்டு, பதினேழை மட்டும் எடுத்துக் கிழித்துவிட்டு, குலுக்கி எடுத்து எல்லாப் பெட்டிக்கும் புது நம்பர் போட்டேன். பதினேழைச் சொன்னாலே ஊரில் ஒரே ஒரு வயல்தான் ஞாபகத்துக்கு வந்தது. இனி அந்த நம்பர் யாருக்கும் வேண்டாம் என்று மேடம்தான் சொன்னார். சத்யாவின் செருப்பு அறுந்ததற்குக் காரணம் இதுதான்.

என் பிரிவுபசார விழாவுக்கு, அதற்குள் மாற்றலாகிப் போயிருந்த மேடமும் அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்ப்பதற்குள் எனக்குப் பட்ட பாடு! அதை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு, என் அனுமதிகளை நானே நீக்கக் கடைசியாக ஒருமுறை பாஸ்வேர்டு அடித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், மாலையும் சால்வையுமாக வந்திருந்த அத்தனை பேரும் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்கள். மைக்கைப் பிடித்திருந்தவரும் திரும்பி நிற்கிறார். மாரியப்பனும் டீத் தட்டோடு திரும்பி நிற்கிறான். நான் ஒருவன் மட்டும் அந்த முதுகுகளைப் பார்த்துச் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது.

இதை எழுத உட்கார்ந்தபோது ஒரு விஷயம் இடித்தது. மற்றவர்கள் பேரையெல்லாம் மாற்றிவிடலாம். ஆனால் இது பதினேழாம் வயல்காரரின் கதை. நேற்று வயலுக்கே போனேன். தமிழ்ச்செல்வி இப்போது வாய்க்கால் சங்கத்தின் தலைவர். விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"யாருக்குண்ணே?"

"படிக்கிறவங்களுக்கு. என் வேலைக்குப் புதுசா வந்திருக்கிற பொண்ணுக்கு."

"எதுக்கு?"

"நான் பண்ணின தப்பை அவங்க பண்ணக்கூடாது."

"எதுவரைக்கும்?"

அன்று ஃபாரத்தில் பேனா நின்ற அதே இடம். "அதுதாம்மா சொல்ல முடியலை. அச்சுல போனா திரும்ப எடுக்க முடியாது. பட்டன் கிடையாது. அதனால உங்க பேரை மாத்திட்டு, ஊரையும் மாத்திட்டு எழுதறேன். அதுவும் வேண்டாம்னா எழுதலை."

அவர் திரும்பி வயலைப் பார்த்தார். மண் முடி கனத்துக்கு வெடித்திருந்தது.

"எழுதுங்க" என்றார். "ஆனா என் பேரை மட்டும் மாத்தாதீங்க. தமிழ்ச்செல்வின்னே போடுங்க. இந்த நிலத்துப் பத்திரத்துலயும் இப்ப அந்தப் பேருதான் இருக்கு."